சோலைக்காட்டு மாஸ்: அதன் இயல்பும் இருப்பிடமும்

பாசி என்னும் ஒரே சொல்லால் மக்கள் மூன்று வெவ்வேறு தாவரங்களைக் குறிப்பிட்டு வருகின்றனர். குளத்திலும் நெல் வயலிலும் தண்ணீரின்மேல் வழுவழுப்பாகப் படர்வது ஒன்று. இது ஆல்கா என்னும் வகுப்பைச் சேர்ந்தது. மளிகைக் கடைகளில் பட்டை, கிராம்பு முதலியவற்றோடு விற்கப்படும் சாம்பல் நிறக் கல்பாசி மற்றொன்று; இது காளான் இனமும் ஆல்காவும் ஓருடலாய்க் கூடி வாழும் லைக்கன் எனப்படுவது. மூன்றாவது, மலைக்காடுகளில் மரங்களையும் பாறைகளையும் பச்சைக் கம்பளம்போல் போர்த்திக்கொண்டிருக்கும் மாஸ். பதியன் போடுவோரும் நாற்றுப்பண்ணை நடத்துவோரும் இதனை மாஸ் என்றே வழங்குவதால் இங்கும் அப்பெயரே கையாளப்படுகிறது. இம்மூன்றும் அமைப்பிலும் வாழ்க்கை முறையிலும் வேறு வேறானவை. அவற்றை ஒன்றெனக் கொள்வதாலும், மாஸ் எதனை உண்டு வாழ்கிறது என்பதை அறியாமையாலும், மலைத்தோட்டங்களில் வேண்டாத கூலிச் செலவும் காடுகளில் பெரும் நஷ்டமும் உண்டாகின்றன.

உலகில் ஏறத்தாழ 12,000 வகை மாஸ்கள் உள்ளன. அவற்றுள் நீலகிரி, பழனிமலை, ஆனைமலை ஆகிய இடங்களின் சோலைகளில் எளிதிற் காணத்தக்கது, தாவர நூலார் தூயிடியம் என்று அழைக்கும் இனமாகும். தோட்டங்களில் அழகுக்காக வைக்கப்படும் தூயா மரத்தின் சிறு கிளையை ஒத்திருப்பதால் 'சிறு தூயா' என்னும் பொருளில் அதற்கு இப்பெயர் இடப்பட்டது. பெரணியிலை ஒன்றைக் கட்டைவிரல் நீளத்துக்குச் சுருக்கிவிட்டாற்போலவும் அது தோன்றும். ஆதலால் இதனைப் பெரணி மாஸ் எனக் குறிப்பிடுதல் பொருந்தும்.

அமைப்பு:— பெரணி மாஸின் தண்டு நூல்போல் மெலிந்தது. மூன்று அல்லது நான்கு அங்குலம் வரை படுத்தவாறே ஓடும். அதன் இருபுறமும் கிளைகளும், அக்கிளைகளின் இருபுறமும் மறுகிளைகளும் ஒரே தளத்தில் விரிந்திருக்கும். இலை என்று சொல்லத்தக்கது எள்ளின் பாதியளவும் இராது. ஒரு சிறு பூதக்கண்ணாடியைக் கொண்டு நோக்கினால், இலைகள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தண்டைத் தழுவியிருப்பதையும், தண்டின்மேல் இலைகளுக்கிடையே எண்ணற்ற பச்சை மயிர்கள் அடர்ந்திருப்பதையும் காணலாம். இம்மயிர்களும் இலைகளும் கூடித் திரிபோல் நீரை இழுத்து நிறுத்துகின்றன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது எவ்விதமோ அவ்விதமே மாஸின் புறத்தே நீர் ஏறுகிறது. இலையின் பரப்பிலும் நுண்ணிய முளைகள் நெருங்கியிருப்பதால் அது பளபளப்பின்றி மங்கிய பச்சையாக இருக்கும். இதே சோலைகளில் செலாஜினெல்லா என்னும் மற்றொரு சிறு செடியும் இதுபோன்ற உருவத்துடன் வளர்கிறது. ஆனால் அதற்குக் கம்பிபோல் விறைத்த தண்டும், மண்ணில் ஊன்றும் மெய்யான வேரும் உண்டு. இவ்வேறுபாட்டால் இரண்டையும் பிரித்தறியலாம்.

மாஸுக்கு வேர் கிடையாது. இதுவே அதனைப்பற்றி அறிய வேண்டிய விஷயங்களுள் தலையாயது. அடிப்புறத்தில் காணப்படும் பழுப்பு நிற இழைகள் பற்றிக்கொள்வதற்கு மட்டுமே உதவுவன. மரத்தின் பட்டையைத் துளைத்து உள்ளே செல்லும் வலிமை அவற்றுக்கு இல்லை. மழைநீர், மூடுபனி, பனித்துளி, அவற்றோடு வந்து படியும் தூசி, மேலுள்ள இலைகளைக் கழுவிவரும் நீரில் கரைந்துள்ள சிறிது உப்பு ஆகிய இவையே அதன் ஆகாரம். இலை பெரும்பாலும் ஓரறைக் கனமே உள்ளதாதலால் நீர் அதன் உடல் முழுவதாலும் உட்புகும். உட்புகுந்த வழியாகவே எளிதில் வெளியேறியும் விடும். வறண்ட நாட்களில் அது சுருண்டு, பொருபொருவென்று உலர்ந்து, செத்ததுபோல் கிடக்கும். ஆயினும் சாவதில்லை. அத்தகைய காய்ந்த துண்டு ஒன்றைத் தட்டில் வைத்துச் சில துளி நீர் விட்டால் இரண்டொரு நிமிஷத்துக்குள் கிளைகள் விரிந்து பசுமை திரும்புவதைச் சிறுவர்களும் செய்து பார்க்கலாம். நெற்பயிரோ வாழையோ இவ்வாறு உலர்ந்து மீளுவதில்லை.

இனப்பெருக்கம்:— மாஸ் பூப்பதில்லை, காய்ப்பதில்லை, விதையும் இல்லை. ஏறத்தாழ ஓரங்குல உயரமுள்ள செந்நிறக் காம்பின் முனையில் சற்று வளைந்த சிறு குப்பி ஒன்று சில காலங்களில் எழும். அக்குப்பியின் வாயைச் சுற்றி 16 பற்கள் வெளி வரிசையிலும், மெல்லிய சவ்வொன்று உள் வரிசையிலும் அமைந்துள்ளன. காற்றிலுள்ள ஈரத்துக்கேற்பப் பற்கள் வளைந்தும் நிமிர்ந்தும் உள்ளிருக்கும் தூளைச் சிறுகச் சிறுக வெளியே விடுகின்றன. அத்தூளின் ஒவ்வோர் அணுவும் ஈரமுள்ள இடத்தில் விழுந்தால் முதலில் பச்சை நூலாக முளைத்து, பின்னர் அந்நூலிலிருந்து மாஸ் தளிர்க்கும். மாஸ்களின் இவ்வாழ்க்கை முறையைத் தெளிவாக ஆராய்ந்தவர் ஜெர்மனியில் வைத்தியராக இருந்த ஹெட்விக் என்பவர். அவர் 1799இல் காலமானபின் 1801இல் வெளியான அவரது நூலிலிருந்தே பெரும்பாலான மாஸ்களின் சாஸ்திரப் பெயர்கள் இன்றும் கணக்கிடப்படுகின்றன.

பெரணி மாஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் அணு பெண் அணுவை அடைய நீரில் நீந்திச் செல்லவேண்டும். அந்நீர் இலைமேல் படர்ந்திருக்கும் மெல்லிய ஏடாயினும் போதுமானது. இரு செடிகளும் தூரமாக இருப்பின் சேர்க்கை நிகழாது. ஆகையால் இம்மாஸ் பெரும்பாலும் குப்பியின்றியே காணப்படுகிறது. ஒடிந்த துண்டுகள் விழுந்த இடத்தில் பற்றி வளருவதாலும், பழைய மெத்தையின் ஓரங்கள் ஊர்ந்து முன்னேறுவதாலுமே அது பரவுகிறது. இவ்விஷயம் பின்னால் வரும் செய்திக்கு முக்கியமானதாகையால் நினைவிற் கொள்ளத்தக்கது.

இருப்பிடம்:— சோலை என்பது, ஏறத்தாழ 5,000 அடிக்கு மேல் புல்வெளிகளுக்கிடையே, மலை மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் ஒடுங்கி நிற்கும் குட்டையான அடர்காடாகும். வெளியே புல்வெளியில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுந்து புல் கருகும் இரவிலும் சோலைக்குள் அக்குளிர் இறங்குவதில்லை. வெயிலும் காற்றும் தணிந்து, மண் எந்நாளும் ஈரமாக இருக்கும். பெரணி மாஸ் விரும்புவது இத்தகைய இடமே. விழுந்து மட்கும் மரங்கள், ஓடையோரப் பாறைகள், வயது முதிர்ந்த மரங்களின் அடிப்பாகம், நிழலான மண்கரை ஆகியவற்றில் அது மெத்தைபோல் படர்கிறது. அடிமரத்தில் ஏறினால் ஆள் உயரத்துக்கு மேல் அது குறைந்துவிடும். அங்கே வேறு மாஸ்கள் தொடங்கும். உச்சிக் கிளைகளிலிருந்து தாடிபோல் தொங்குபவை மூடுபனியை நம்பி வாழ்வன. வெட்டிய பாதையோர மண்சரிவுகளில் சிறு தேவதாரு நாற்றுகளைப்போல் விறைத்து நிற்பது பொகோனாட்டம் என்னும் மற்றோர் இனம். அது வெயிலைச் சற்றுத் தாங்கும். பழனிமலையில் மட்டும் எத்தனை வகை உண்டென்பதை அறிய விரும்புவோருக்கு, செண்பகனூரில் இருந்துகொண்டு பல்லாண்டுகள் மாஸ்களைத் திரட்டிய ஜார்ஜ் ஃபோரோ என்னும் பிரெஞ்சுப் பாதிரியாரின் விவரணம் 1961இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் பத்திரிகையில் வெளிவந்துள்ளது.

மரத்தின் வடபுறத்தில்தான் மாஸ் வளரும். காட்டில் வழி தவறினால் அதனைக் கொண்டு திசையறியலாம் என்று ஆங்கிலப் பாடப் புத்தகங்களில் படித்தவர்கள் சொல்லுவதுண்டு. அது ஐரோப்பாவுக்குப் பெரும்பாலும் பொருந்தும். கொடைக்கானலில் சித்திரைத் தொடக்கம் முதல் ஆவணி முற்பாதி வரை நண்பகற் சூரியன் தலைக்கு வடக்கே செல்லுகிறது. ஆகவே வடபுறம் எப்போதும் நிழல் என்பது இங்கே பொய். இம்மலைகளில் மழைக்காற்று எந்தப் பக்கமிருந்து வந்து மரத்தில் மோதுகிறதோ, அடிமரம் எந்தப் பக்கம் சாய்ந்து நீரை ஏந்துகிறதோ, அந்தப் பக்கமே மாஸ் தடித்திருக்கும்.

பட்டையின் தன்மையும் கவனிக்கத்தக்கது. சொரசொரப்பாக வெடித்து நிலைத்திருக்கும் பட்டையில் மாஸ் எளிதிற் பற்றும். யூகலிப்டஸ் தோப்பில் அடிமரத்தின் சிறு பகுதியைத் தவிர மேலே மாஸ் காணப்படாமைக்குக் காரணம், அம்மரம் தன் பட்டையை ஆண்டுதோறும் நாடாநாடாக உரித்துப் போடுவதேயாகும். குடியேறிய மாஸ் பட்டையோடு கீழே விழுந்துவிடுகிறது.

தோட்ட மரங்களில் மாஸ்:— காபி, கமலா ஆரஞ்சு, பேரி, பிளம் முதலியவை பயிராகும் தோட்டங்களில், மாஸ் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதாக எண்ணி ஆண்டுதோறும் ஆள் விட்டுச் சுரண்டும் வழக்கம் உண்டு. வேரற்ற தாவரம் சாற்றை எங்ஙனம் உறிஞ்சும்? ஐயமுள்ளவர்கள் ஒரு கைப்பிடி மாஸை மெல்லப் பெயர்த்து, அதன் அடியிலுள்ள பட்டையைத் துடைத்துப் பார்க்கட்டும். துளையோ, காயமோ, கீறலோ இராது. பின்னர் அதே தோட்டத்தில் மாமரத்திலோ பலாவிலோ புல்லுருவி பற்றிய கிளையை அறுத்துப் பார்க்கட்டும். புல்லுருவியின் வேர்போன்ற உறுப்பு பட்டையைக் கடந்து மரத்தின் உள்ளே ஆப்புப்போல் இறங்கியிருக்கும். மெய்யான ஒட்டுண்ணி அதுவே. புல்லுருவிக்கு உரிய தண்டனையை மாஸுக்கு விதித்தல் நியாயமன்று.

நோயுற்ற மரத்தில் மாஸ் மிகுந்திருப்பது உண்மையே. ஆனால் காரணத்தையும் காரியத்தையும் இடம் மாற்றிவிடலாகாது. மரம் வேறு ஏதோ ஒன்றால் நலிந்து அதன் வளர்ச்சி மந்தமாகும்போது, பட்டை புதுப்பிக்கப்படாமல் நெடுநாள் நிலைக்கிறது. மாஸுக்கு அமைதியான இடம் கிடைக்கிறது. அடியில் நீர் தேங்குதல், வேரழுகல், சத்துக் குறைவு, கமலா மரங்களை வாட்டும் தொற்று நோய்கள் ஆகியவற்றை ஆராயாமல் மாஸை மட்டும் சுரண்டுவது, ஜுரத்தில் கிடப்பவனுக்கு முகச்சவரம் செய்துவிட்டுச் சிகிச்சை முடிந்தது என்பதை ஒக்கும். மரத்தடியில் வடிகால் வெட்டி, நெருங்கிய உட்கிளைகளைக் கவாத்துச் செய்து வெளிச்சமும் காற்றும் புகவிட்டால், மாஸ் தானே குறையும். மெல்லிய கிளைகளில் மாஸ் மிகத் தடித்து, நனைந்த பாரத்தால் கிளை வளைந்தோ, தளிர்க் கணுக்கள் மூடப்பட்டோ இருந்தால் மாத்திரம் அதனை நீக்குவது தகும். மழை பெய்த மறுநாள் கோணித் துணியால் துடைத்தால் எளிதில் வந்துவிடும். கத்தியும் அரிவாளும் உதவா. அவை செய்யும் காயத்தின் வழியே மெய்யான நோய் புகும்.

காபிச் செடி விஷயத்தில் ஒரு வேறுபாடு உண்டு. அராபிகாக் காபியின் தண்டைத் துளைக்கும் வண்டு பட்டை வெடிப்புகளில் முட்டையிடுகிறது. ஆதலால் அடித்தண்டையும் தடித்த பக்கக் கிளைகளையும் தேங்காய்நார்க் கையுறையால் தேய்த்து, செதில் செதிலாகத் தளர்ந்த பட்டையை அகற்றும்படி காபி ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். அவ்வேலையின்போது மாஸும் போகும், போகட்டும். ஆனால் தேய்ப்பது வண்டுக்காகவே என்பதை மேஸ்திரிகள் உணர்ந்திருத்தல் வேண்டும். மாஸுக்காகத் தேய்ப்பதென்று எண்ணினால், மாஸ் இல்லாத செடிகளைத் தேய்க்காமல் விட்டுவிடுவர்; வண்டு அவற்றில் முட்டையிடும். மற்றபடி, போர்டோக் கலவை தெளிக்கப்படும் தோட்டங்களில் மாஸ் அருகியே இருக்கும். அதிலுள்ள செம்புச் சத்து அதற்கு விஷம்.

காட்டிலிருந்து அள்ளுதல்:— கொய்யா, மாதுளை, எலுமிச்சை ஆகியவற்றில் விண்பதியன் போடுவதற்கும், செடிகளை வேரோடு கட்டி அனுப்புவதற்கும், தொங்கு கூடைகளில் பூச்செடி வைப்பதற்கும், கிறிஸ்துமஸ் குடில்களுக்கும் மாஸ் தேவைப்படுகிறது. ஒரு பதியனுக்கு ஒரு கைப்பிடியே வேண்டும். எனினும் ஆயிரம் பதியன் போடுவோருக்கு அது பல மூட்டையாகிறது. பாறையிலும் விழுந்த மரத்திலும் பாய் சுருட்டுவதுபோல் முழு மெத்தையையும் சுருட்டி எடுப்பதே விரைவான முறையாதலால், கூலிக்கு எடுப்போர் அவ்வாறே செய்கின்றனர்.

அப்படிச் சுருட்டிய இடத்தில் மாஸ் மீண்டும் எப்போது வரும்? முன்னே கூறியபடி அதற்கு விதையில்லை, குப்பியும் அரிது, ஓரத்திலிருந்து ஊர்ந்தோ துண்டிலிருந்து தளிர்த்தோ வரவேண்டும். ஓரமும் துண்டும் மூட்டைக்குள் போய்விட்டால் வருவதற்கு எதுவும் இல்லை. அமெரிக்காவில் ஓரகான் மாகாணத்துக் காடுகளில், வியாபாரத்துக்கு அள்ளுவதுபோலவே மாஸை அகற்றிவிட்டுக் கவனித்ததில், 10 ஆண்டு கழிந்தும் அது முன்னிருந்த அளவை எட்டவில்லை. ஓராண்டுக் கூலிக்காகப் பல ஆண்டு வளர்ச்சி போகிறது.

மாஸ் போனால் சோலைக்கு என்ன குறை என்று கேட்கலாம். சோலை ஓடைகள் கோடையிலும் வற்றாமைக்கு மாஸே காரணம் என்று சிலர் எழுதிவிடுவது மிகையாகும். நீரைச் சேமிக்கும் பெரிய களஞ்சியம் சோலையின் ஆழ்ந்த மண்ணும் அதன்மேல் மட்கும் சருகுமேயாம். ஆனால் அம்மண்ணுக்குக் கூரையாக இருப்பவற்றுள் மாஸும் ஒன்று. தன் உலர்ந்த எடையைப்போல் பல மடங்கு நீரைத் தாங்கி, மழையின் வேகத்தைத் தணித்து, மெதுவாகக் கீழே விடுகிறது. மழையில்லாத நாளிலும் மூடுபனியிலிருந்து துளிகளைத் திரட்டிக்கொள்கிறது. சரிவில் மாஸ் உரிக்கப்பட்ட கரை, அடுத்த மழையில் செந்நீராய்க் கரைவதைக் காணலாம். இன்னுமொன்று: பெரணிகள், ஆர்கிட் செடிகள், மரத்தின்மேல் வாழும் காசித்தும்பை இனங்கள், சில சோலை மரங்களின் நாற்றுகள் ஆகியவை முதலில் வேர் பிடிப்பது மாஸ் மெத்தையிலேதான். மெத்தையைச் சுருட்டும்போது அவ்வளவு நாற்றுகளும் உடன் சுருட்டப்படுகின்றன. கீழ்ச்சரிவில் பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் பயிரிட்டு, அதே ஓடையை நம்பியிருக்கும் குடியானவர்கள் இதனை அயலார் காரியம் என்று விட்டுவிட இயலாது. ஒதுக்குக் காடுகளிலிருந்து வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டுப்பொருளை எடுத்துச் செல்லுதல், 1882ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

மாற்றுப் பொருள்:— பதியன் வேலைக்குச் சோலை மாஸ் சிறந்ததும் அன்று. கடைகளில் கட்டுக்கட்டாக விற்கப்படும் ஸ்பாக்னம் என்னும் சதுப்புநில மாஸ் வேறு இனம். அதன் இலைகளில் வெறுமையான பெரிய அறைகள் இருப்பதால் எடையைப்போல் 20 மடங்கு வரையும் நீர் ஏற்கும், எளிதில் அழுகாது. 1914 முதல் 1918 வரை நடந்த யுத்தத்தில் பஞ்சுக்குப் பதிலாகக் காயங்களுக்கு அதனை வைத்துக் கட்டினர். பெரணி மாஸிலோ நீர் நிற்பது இலைகளுக்கிடையேயுள்ள சந்துகளில்; ஆகையால் அது விரைவில் உலர்ந்துவிடும்.

இவ்விரண்டுக்கும் பதிலாகத் தென்னைநார்க் கழிவு தாராளமாகக் கிடைக்கிறது. கயிற்றுத் தொழிற்சாலைகளின் அருகே மலைபோல் குவிந்திருக்கும் இக்கழிவு, தன் எடையைப்போல் 5 மடங்குக்குக் குறையாத நீரைத் தாங்கும். புதிய கழிவில் உப்பு இருக்குமாதலால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி வடித்தபின் உபயோகிக்க வேண்டும். பென்ஸில் பருமனுள்ள முதிர்ந்த கிளையில் ஓரங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கி, வழுவழுப்பு நீங்கத் துடைத்து, ஈரமான கழிவை ஒரு கைப்பிடி வைத்து, பாலிதீன் தாளால் சுற்றி இருபுறமும் இறுகக் கட்டினால் போதும். கழிவைக் கையில் பிழிந்தால் இரண்டொரு துளி மட்டுமே சிந்தும் பக்குவத்தில் ஈரம் இருத்தல் வேண்டும். அதிகமாயின் வேருக்குப் பதில் அழுகலே உண்டாகும். பாலிதீன் வழங்குவதற்கு முன் தோட்டக்காரர்கள் களிமண்ணும் சாணமும் பிசைந்து அப்பி, கோணியால் கட்டி, மேலே துளையிட்ட சட்டி ஒன்றைத் தொங்கவிட்டுக் கயிற்றின் வழியே நீர் சொட்டச் செய்தனர். அம்முறையில் நாள்தோறும் சட்டியை நிரப்பும் வேலை உண்டேயன்றி மாஸின் தேவை இல்லை.

சொந்த நிலத்தில் விழுந்த மரத்தின்மேல் மாஸ் இருந்து, அதனை எடுத்தே ஆகவேண்டுமாயின், முழு மெத்தையையும் உரிக்காமல் உள்ளங்கை அகலத் துண்டுகளாக இடைவிட்டு, நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாமல் எடுத்து, ஓரங்களை அப்படியே விடுதல் வேண்டும். எடுத்ததையும் ஒரு முறையோடு எறிந்துவிட வேண்டுவதில்லை. கூடையிலும் பொட்டலத்திலும் உபயோகித்த மாஸைப் பிரித்து, மண்ணை உதறி, கொதிநீரில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்து, நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டிவைத்தால் அடுத்த பருவத்துக்கும் உதவும்.